தேளிக் குஞ்சும் உப்புத் தண்ணீரும் - ஒரு சின்ன வரலாறு

இந்த முறை மீன் பற்றி ஒரு கட்டுரை. அதுவும் மீசை வைத்த மீன்!

எங்கள் இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும். "தண்ணி லேசா கரிக்குது, இதுல கெளுத்திக் குஞ்சு விட்டா நிக்குமா?" கேட்பவர் பெரும்பாலும் தென்னந்தோப்புக்குள் ஒரு குளம் வெட்டி வைத்திருப்பவராக இருப்பார். கேள்வி ஒரு வரிதான். ஆனால் இதற்குப் பதில் கண்டுபிடிக்க உலகத்துக்குச் சுமார் இருநூறு வருடம் ஆனது. அந்த இருநூறு வருடக் கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நாகர்கோவிலுக்குத் தெற்கே, நாஞ்சில் நாட்டின் கடலோர ஓரத்தில் இருக்கிறது இராஜாக்கமங்கலம். ஒரு பக்கம் வயலும் தோப்பும், இன்னொரு பக்கம் துறையும் கடலும். நடுவில் பன்றிவாய்க்கால் கடலில் சேரும் பொழிமுகம். (பொழி என்பது காயல் கடலோடு சேரும் வாய். மணல் மேடு அதை அடைத்துக்கொள்ளும், மழை வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும்.) கிழக்கே போனால் புத்தளம், சாமித்தோப்பு, தாமரைகுளம் பக்கம் உப்பளங்கள். மேலே 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை. அதாவது மலையிலிருந்து நல்ல தண்ணீர் வருகிறது, கடலிலிருந்து உப்பு ஏறுகிறது, இரண்டும் எங்கள் ஊர்ப்பக்கம் சந்தித்துக்கொள்கின்றன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தன் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையத்தை இங்கே வைத்திருப்பதற்கு ஊரின் இந்த அமைப்பு பொருத்தமானதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உப்பின் அளவை ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு என்ற கணக்கில்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன். கடல் நீரில் சுமார் 35 கிராம். நல்ல ஆற்று நீரில் அரை கிராமுக்கும் குறைவு. நடுவில் இருப்பதெல்லாம் உவர்நீர்.

தரங்கம்பாடியில் தொடங்கிய கதை

சங்கப் பாடல்களிலேயே வாளையும் கெளிறும் வருகின்றன என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அறிவியல் புத்தகத்தில் தேளி ஏறியது 1794இல். ஜெர்மானியரான மார்க்கஸ் பிளாக் பெர்லினில் உட்கார்ந்துகொண்டு உலக மீன்களுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ்நாட்டு மீன்கள் போய்ச்சேர்ந்தது தரங்கம்பாடியிலிருந்து. அங்கே டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் மீன்களைப் பதப்படுத்திக் கப்பலில் அனுப்பிவைத்தார். தேளிக்குப் பிளாக் வைத்த பெயரில் "ஃபாசிலிஸ்" என்று ஒரு சொல் இருக்கிறது. லத்தீனில் "தோண்டி எடுக்கப்பட்டது" என்று பொருள். கோடையில் குளம் வற்றும்போது சேற்றைத் தோண்டினால் கிடைக்கும் மீன் அல்லவா! நம் ஊர்க்காரர்கள் அதன் முள் குத்துவதைப் பார்த்துத் தேளோடு சேர்த்துப் பெயர் வைத்தார்கள், அவர் சேற்றைப் பார்த்துப் பெயர் வைத்தார். நம் பெயர்தான் பொருத்தம் என்பேன், குத்து வாங்கியவர்கள் ஒத்துக்கொள்வார்கள் :-)

அடுத்து வந்தவர் பிரான்சிஸ் டே. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக வந்து, கொச்சியில் வேலை பார்த்தபோது மீன் பைத்தியம் பிடித்தவர். 1865இல் மலபார் மீன்கள் பற்றி ஒரு புத்தகம், 1875க்குப் பிறகு இந்திய மீன்கள் பற்றிப் பெரிய புத்தகம். எந்த மீன் எங்கே கிடைக்கும், உள்ளூர்க்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் எழுதிவைத்தார்.

இங்கேதான் ஒரு புதிர் தெரிகிறது. துறையில் ஏலம் விடும் மீனும் கெளுத்தி, குளத்தில் பிடிப்பதும் கெளுத்தி. மீசையும் முள்ளும் செதில் இல்லாத உடம்பும் இரண்டுக்கும் பொது. ஆனால் கெளுத்தி இனத்தின் ஏராளமான குடும்பங்களில் கடலில் வாழப் பழகியவை முக்கியமாக இரண்டே இரண்டு. ஒன்று, ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்குமே, அந்தக் கடல் கெளுத்திக் குடும்பம். இன்னொன்று, விலாங்கு போல வால் நீண்ட வகை. அதற்கு உப்பை வெளியே தள்ளுவதற்கென்றே உடம்பின் அடிப்பக்கம் தனியாக ஒரு கிளைத்த உறுப்பு இருக்கிறது. மற்றவை எல்லாம் பெரும்பாலும் நல்ல தண்ணீர்ப் பிள்ளைகள்தான். ஒரே இனத்தில் ஏன் இந்த வித்தியாசம்?

உடம்புக்குள் நடக்கும் இழுபறி

இதற்குப் பதில் 1930களில் வந்தது. அமெரிக்காவில் ஹோமர் ஸ்மித் 1930இல் கடல் மீன்கள் கடல் தண்ணீரைக் குடிக்கின்றன என்று காட்டினார். அப்படியானால் குடித்த உப்பு எங்கே போகிறது? டென்மார்க்கில் நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் க்ரோக்கிடம் வேலை பார்க்கப் போன ஆன்சல் கீஸ் என்ற இளைஞர், விலாங்கின் செவுள் உப்பை வெளியே தள்ளுகிறது என்று 1931இல் காட்டினார். மறுவருடம் வில்மர் என்பவரோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்யும் செல்களையும் அடையாளம் காட்டினார். (இதே கீஸ்தான் பின்னாளில் கொழுப்புக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். மீன் செவுளில் தொடங்கி மனித இதயத்துக்குப் போனவர்!)

விஷயம் இதுதான். நன்னீர் மீனின் ரத்தத்தில் உள்ள கரைபொருள்களின் அடர்த்தி ஏறத்தாழ லிட்டருக்கு 9 அல்லது 10 கிராம் உப்புள்ள உவர்நீருக்குச் சமம். குளத்து நீரில் உப்பு மிகக் குறைவு. அதனால் தண்ணீர் மீனின் உடம்புக்குள் நுழைந்துகொண்டே இருக்கும், உடம்பிலுள்ள உப்பு கசிந்துகொண்டே இருக்கும். மீன் சும்மா நிற்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே ஒரு வேலை ஓயாமல் நடக்கிறது. சிறுநீரகம் நீர்த்த சிறுநீராகத் தண்ணீரை இறைத்துக் கொட்டும். செவுள் வெளியே இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பைப் பொறுக்கி உள்ளே சேர்க்கும்.

வெளியே உப்பு கொஞ்சம் கூடினால் இந்த வேலைச்சுமை குறையும். 9, 10 கிராம் வந்தால் உள்ளும் வெளியும் சமம். அதற்கு மேல் போனால் எல்லாம் தலைகீழ்: இப்போது தண்ணீர் உடம்பை விட்டு வெளியேறும். கடல் மீன் தண்ணீர் குடித்து உப்பைத் துப்பிவிடும். தேளிக்கு அந்த வித்தை வராது. தண்ணீருக்குள் இருந்துகொண்டே அது காய்ந்துபோய்ச் சாகும்.

சரி, குஞ்சு எங்கே?

இதுவரை சொன்னது எல்லாம் வளர்ந்த மீனின் கதை. குளம் வைத்திருப்பவர் கேட்பது குஞ்சைப் பற்றி. அதை ஏன் யாரும் சோதிக்கவில்லை? காரணம் எளிது. சோதிக்கக் குஞ்சு வேண்டும். மழைக்காலத்தில் வயலிலும் வாய்க்காலிலும் தேளி எப்போது முட்டையிடும் என்று காத்திருந்து, அதே நாளில் பிறந்த சில ஆயிரம் குஞ்சுகளை அள்ளிவர முடியாது. வயது தெரியாத குஞ்சை வைத்துச் சோதனை செய்து என்ன பயன்?

1956இல் அந்தத் தடை உடைந்தது. எல்.எஸ்.ராமசாமி, பி.ஐ.சுந்தரராஜ் என்ற இரண்டு இந்திய விஞ்ஞானிகள், பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தியக் கெளுத்தியை முட்டையிட வைத்ததை "சயின்ஸ்" இதழில் வெளியிட்டார்கள். ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் கெண்டை இனத்தில் இதே வெற்றியைப் பெற்றது 1957 ஜூலை 10இல். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். கெளுத்தி ஒரு வருடம் முந்தியது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. கட்லாவும் ரோகுவும் சந்தையைப் பிடித்துக்கொண்டதால் புகழும் அவற்றோடே போய்விட்டது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆக, ஊசி வந்தது, பொரிப்பகம் வந்தது, ஒரே வயதுக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் கைக்கு வந்தன. அதன் பிறகுதான் "குஞ்சு எவ்வளவு உப்பைத் தாங்கும்?" என்ற கேள்விக்கே அர்த்தம் வந்தது.

லூசியானாவின் சதுப்பு நிலம்

இந்தக் கேள்வியை முதலில் அக்கறையாகக் கேட்டவர்களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தார் முக்கியமானவர்கள். மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் இடம் அது. கண்ணுக்கெட்டிய தூரம் உவர்ச் சதுப்பு. 1960களில் அங்கே கெளுத்திப் பண்ணைத் தொழில் வேகமாக வளர்ந்தது. நல்ல நிலம் விலை அதிகம், சதுப்பு நிலம் சும்மா கிடக்கிறது. அதில் வளர்த்தால் என்ன? ராக்ஃபெல்லர் வனவிலங்குப் புகலிடத்தில் இருந்த பெர்ரி என்பவரும், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அவால்ட்டும் 1968இல் மூன்று வகைக் கெளுத்திகளை உவர்நீர்க் குளங்களில் விட்டுப் பார்த்தார்கள். அடுத்து ஆலன் என்பவரும் அவால்ட்டும் ஒரே மீனை, சேனல் கெளுத்தியை, முட்டையிலிருந்து தொடங்கி வயது வாரியாகச் சோதித்தார்கள்.

முடிவு யாரும் எதிர்பார்க்காதது. முட்டை சுமார் 16 கிராம் உப்பு வரை தாங்கியது. பொரித்து வெளியே வந்த குஞ்சு தாங்கியது 8 கிராம்தான்! மஞ்சள் கரு தீர்ந்து சொந்தமாகத் தின்னத் தொடங்கிய பிறகு 9, 10 என்று ஏறியது. ஐந்தாறு மாதம் ஆனபோது 11, 12.

கவனியுங்கள், இது நேர்கோடாக ஏறவில்லை. மேலே இருந்து பள்ளத்தில் விழுந்து, பிறகு மெல்ல ஏறுகிறது. முட்டைக்கு ஒரு கூடு இருக்கிறது. ஐந்து மாத மீனுக்கு முழுதாய் வளர்ந்த செவுளும் சிறுநீரகமும் இருக்கின்றன. நடுவில் இருக்கும் குஞ்சுக்கு இரண்டும் இல்லை. செவுள் முழுதாக அமையவில்லை, தோல் மெல்லியது, எடைக்கு ஒப்பிட்டால் உடம்பின் மேற்பரப்பு மிக அதிகம். "கெளுத்தி இவ்வளவு உப்பைத் தாங்கும்" என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, எந்த வயதில் என்று கேட்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெளிவானது. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உப்பே மருந்தான கதையும் அமெரிக்காவில்தான் நடந்தது. நெருக்கமாக மீன் வளர்த்தால் கழிவிலிருந்து நைட்ரைட் சேரும். அது ரத்தத்தில் கலந்தால் ரத்தம் காப்பி நிறமாகி, ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும். குளோரைடு இருந்தால் அது செவுளின் வாசலில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கிறது என்று 1970களின் கடைசியில் தெரிந்தது. அன்று முதல் மிசிசிப்பிப் பண்ணைக்காரர்கள் குளத்தில் மூட்டை மூட்டையாகக் கறியுப்பு கொட்டுகிறார்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவு குளோரைடு இருந்தாலே போதும். வெண்புள்ளி நோய்க் கிருமியையும் கொஞ்சம் உப்பு அடக்கிவிடும். ஆகவே "உப்பு என்றாலே குஞ்சுக்கு ஆகாது" என்பதும் சரியல்ல.

இந்தியாவில் இதே 1979இல் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. தேளி கடல் நீரின் சுமார் மூன்றில் ஒரு பங்கு உப்பு வரைதான் தாங்குகிறது என்று அது சொன்னது. எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? 1956இல் ஊசி போட்ட அதே சுந்தரராஜ்! 1984இல் இஸ்ரேலில் செர்வின்ஸ்கி ஆப்பிரிக்கக் கெளுத்தியின் இளம் மீன்களைச் சோதித்தார். 1989இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்ஸும் ஹெக்ட்டும் அதே இனத்தின் பொரித்த குஞ்சுகளைச் சோதித்தார்கள். 5 கிராம் வரை குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன. 10ஐத் தாண்டியபோது இரண்டு நாளில் எல்லாம் செத்தன.

அழையா விருந்தாளி

அந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி 1990களின் தொடக்கத்தில் அனுமதி இல்லாமல் பங்களாதேஷ் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. வேகமாக வளரும், எதையும் தின்னும், காற்றைச் சுவாசிக்கும், கூட வளரும் மீனையும் விழுங்கும். 1997இல் மத்திய அரசு அதை வளர்க்கத் தடை போட்டது. ஆனாலும் தமிழ்நாட்டில் இன்றும் அதிகாரிகள் பண்ணைகளைத் தேடிப்போய் அழிக்க வேண்டியிருக்கிறது.

இது தப்பித்து வாய்க்காலில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போது மேலே சொன்ன எண்கள் வேறொரு முகம் காட்டுகின்றன. கோடையில் பொழிப்பக்கத்து உப்பு அதற்கு ஒரு வேலி மாதிரி. ஆனால் குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி, ஐப்பசி என்று இரண்டு மழை. வெள்ளம் வந்து பொழி முறியும்போது காயலின் மேல்தண்ணீர் ஏறத்தாழ நல்ல தண்ணீர்தான். 5 கிராம் வரை சுகமாக வளரும் குஞ்சுக்கு அந்த நாட்களில் வேலி திறந்தே கிடக்கும். உப்பு நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி அந்த மீனைக் கடலோரத்தில் வளர்ப்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிக்கே உரிய நம் சொந்தக் கெளுத்தி இனங்கள் சேதப்பட்டால் திரும்ப வராது.

கடல் உள்ளே வந்தபோது

2004 டிசம்பர் 26ஐ எங்கள் மாவட்டம் மறக்காது. மணக்குடிப் பாலத்தையே கடல் தூக்கிக்கொண்டு போனது. எத்தனையோ உயிர்கள் போன நாளில் குளத்து மீனைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் கடல் திரும்பிப் போகும்போது உப்பை விட்டுவிட்டுப் போயிற்று. தமிழகக் கடலோரத்தில் வயல்களும் கிணறுகளும் குளங்களும் பழைய நிலைக்கு வர நல்ல மழை பெய்ய வேண்டியிருந்தது.

அது ஒரே நாளில் வந்த உப்பு. சத்தமில்லாமல் வருடா வருடம் ஏறும் உப்பும் இருக்கிறது. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் பங்காசியஸ் என்ற கெளுத்தி பெரும் ஏற்றுமதித் தொழில். நம் ஊர் ஓட்டல்களில் முள் இல்லாத மீன் துண்டு என்று வருகிறதே, பெரும்பாலும் அந்த மீன்தான். 2016இல் ஆற்றில் தண்ணீர் குறைந்து கடல் உப்பு டெல்டாவுக்குள் வெகுதூரம் ஏறியது. 2020இல் அதைவிட மோசம். மார்ச் மாதம் ஐந்து மாகாணங்கள் அவசர நிலை அறிவித்தன. அங்கே குஞ்சு பெரும்பாலும் மேல்பகுதி மாகாணங்களில் நல்ல தண்ணீரில் உருவாகிறது, கடலோர மாகாணங்களில் வளர்கிறது. கொஞ்சம் வளர்ந்த பங்காசியஸ் 10 கிராம் உப்புப் பக்கம் தாக்குப்பிடிக்கும். பொடிக் குஞ்சை அந்தத் தண்ணீருக்கு அனுப்பத்தான் பயம். கேன் தோ பல்கலைக்கழகத்தார் உப்பு தாங்கும் ரகத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள்.

இனி, தோப்புக்குளத்துக்காரரின் கேள்வி

பேச்சிப்பாறைத் தண்ணீர் வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை பாசனத்துக்கு வரும். கும்பப்பூ அறுவடையோடு வாய்க்கால் நின்றுவிடும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் கடலோரக் குளத்துக்குப் புதுத்தண்ணீர் கிடையாது, வெயில் மட்டும் உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பிப்ரவரியில் 3 கிராம் இருந்த குளம் பாதியாக வற்றினால் 6 கிராம். அதற்கும் மேல் அடியிலிருந்து உவர் ஊறினால் 8ஐயும் தொடலாம். 8 என்பது லூசியானாவில் புதுக்குஞ்சு நின்ற எல்லைக்கோடு.

நாக்கை நம்பவும் முடியாது. 1 கிராமிலேயே கரிப்பது தெரிந்துவிடும், ஆனால் 4க்கும் 8க்கும் வித்தியாசத்தை நாக்கு சரியாகச் சொல்லாது. குஞ்சுக்கோ அந்த வித்தியாசம்தான் உயிர். ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துக் கண்ணில் பார்த்தால் அளவு சொல்லும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றைப் பல குளத்துக்காரர்கள் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

ஆகவே அவருக்கு என் பதில்: இப்போது எவ்வளவு கரிக்கிறது என்பதோடு மே மாதம் எவ்வளவு கரிக்கும் என்பதையும் பாருங்கள். மஞ்சள் கரு தீராத பொடிக்குஞ்சை விடாதீர்கள். விரல் நீளம் வந்த குஞ்சை, ஜூனில் வாய்க்கால் தண்ணீர் வந்து உப்பு குறைந்த பிறகு விடுங்கள். கோடை வரும்போது அதற்கு எட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். பையிலிருந்து நேரே குளத்தில் கொட்டாமல், குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்துப் பழக்கி விடுங்கள். கோடையில் 10ஐத் தாண்டும் குளமாக இருந்தால் தேளியை மறந்துவிட்டு, நல்ல தண்ணீரிலும் உவரிலும் வாழும் கழிமுகக் கெளுத்தியான மிஸ்டஸ் குலியோவைப் பாருங்கள். 1987இல் சென்னையில் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், மேற்கு வங்கத்தின் காக்த்வீப் மையத்தில் அதைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது.